பழைய சில்வரடோவில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் மாற்றுவது எப்படி

1999 முதல் 2006 வரை வந்த செவர்லே சில்வரடோ, ஜிஎம்சி சியரா பிக்கப் டிரக்குகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னும் நிறையவே ஓடுகின்றன. 2007-இல் 'கிளாசிக்' என்ற பெயரில் விற்றவையும் இதே வண்டிதான். எஞ்சின் உழைத்துக்கொண்டே இருக்கும்; தகராறு வருவது மின்சார வேலைகளில். கதவைச் சாத்திய பிறகும் உள்விளக்கு எரிகிறது, பூட்டு தானாக டக் டக் என்று அடித்துக்கொள்கிறது, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, அல்லது வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைகிறது. இதில் எது வந்தாலும் பலரும் முதலில் கை வைப்பது, விளக்கு, பூட்டு போன்றவற்றை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலில்தான்.

மாட்யூலைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. கழற்றும் முன் அது உண்மையிலேயே கெட்டதா என்று உறுதி செய்வதும், மாட்டிய பின் அதற்கு வண்டியை அறிமுகப்படுத்துவதும்தான் வேலையின் பெரும்பகுதி. புது மாட்யூல் போட்டும் கோளாறு தீரவில்லை என்றால், இந்த இரண்டில் ஒன்றில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

இனி 'பாடி மாட்யூல்' என்றால் இந்தப் பெட்டி. எஞ்சினை நடத்துவதை 'எஞ்சின் கம்ப்யூட்டர்' என்றே குறிப்பிடுகிறோம்.

எது பாடி மாட்யூலின் வேலை, எது இல்லை

உள்விளக்குகள், பகல்நேர விளக்கும் தானியங்கி ஹெட்லைட்டும், கதவுப் பூட்டு, சாவியை எடுத்த பின்னும் ரேடியோவுக்குக் கொஞ்ச நேரம் மின்சாரம் தருவது, மறந்து விட்ட விளக்கை அணைத்துப் பேட்டரியைக் காப்பது, திருட்டுத் தடுப்பு ஆகியவை இதன் பொறுப்பு. இன்டிகேட்டருக்குத் தனி ஃபிளாஷர் உண்டு. நான்கு சக்கர இயக்கத்துக்குத் தனி மாட்யூல். 2003 முதல் வந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் முள் தாறுமாறாக நின்றால், அது மீட்டர் போர்டுக்குள் முள்ளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் கோளாறு. இந்த ஆண்டுகளின் பிரசித்தி பெற்ற வியாதி அது. பவர் விண்டோ தகராறுக்கு டிரைவர் கதவு மாட்யூலை முதலில் பாருங்கள். சாவியைப் போட்டு கதவைத் திறந்தால் வரவேண்டிய மணி வரவில்லையா? 2003 முதல் வந்த வண்டிகளில் அந்த ஒலி ரேடியோ வழியாகத்தான் வருகிறது. வெளிக்கடை ரேடியோவைத் தகுந்த அடாப்டர் இல்லாமல் மாட்டினால் மணி போய்விடும். இதற்காக மாட்யூல் வாங்கினால் பணம் தண்டம்.

கழற்றும் முன் சோதிக்க வேண்டியவை

பேட்டரியில் தொடங்குங்கள். எஞ்சின் ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற பேட்டரியில் 12.4 வோல்ட்டாவது இருக்க வேண்டும்; ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இந்த டிரக்குகளில் டெர்மினல் பேட்டரியின் பக்கவாட்டில், 8 மி.மீ. போல்ட்டில் பிடித்திருக்கும். மேலே ரப்பர் மூடியிருப்பதால் உள்ளே பச்சை பூத்திருப்பது வெளியே தெரியாது. கழற்றிப் பார்க்காமல் 'டெர்மினல் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து பியூஸ். 2003 முதல் வந்த வண்டிகளில் டாஷ்போர்டின் இடது ஓரத்துப் பியூஸ் பெட்டியில் 'டிபிசி' (TBC) என்று தொடங்கும் பெயர்கள் இருக்கும்: டிபிசி இக்னிஷன் 0, டிபிசி ஆக்சஸரி, டிபிசி 2ஏ, 2பி, 2சி. இவையெல்லாம் பாடி மாட்யூலுக்கும் அது நடத்தும் சர்க்யூட்டுகளுக்கும் போகிறவை. பியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பது போதாது. அது இருக்கும் இடத்திலேயே வைத்து, மேலே தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பளிச்சென்று எரிய வேண்டும். மல்டிமீட்டர் மட்டும் வைத்திருந்தால் ஏமாறலாம்: ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், லோடு கொடுத்ததும் படுத்துவிடும்.

எர்த்தைத்தான் அதிக நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டும். உப்புத் தூவும் பனி மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை மாட்யூல் கனெக்டரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு. டிரைவர் கதவுக்குக் கீழே, சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் எர்த் முனை இந்த வண்டிகளில் அடிக்கடி அரிக்கும். ஏபிஎஸ் கோளாறுக்குப் பேர்போனது அந்த இடம். அங்கே துரு என்றால் மற்ற எர்த் முனைகளும் அதே கதியில் இருக்க வாய்ப்பு அதிகம். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, புது போல்ட் போட்டு இறுக்குங்கள். பல புகார்கள் இங்கேயே ஓய்ந்துவிடும்.

இதன் பிறகு மாட்யூல்களுக்கிடையே தகவல் போகும் வயர். இந்த வண்டிகளில் இருப்பது கிளாஸ் 2 என்னும் ஒற்றை வயர் நெட்வொர்க். ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேன் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் அது வந்து சேர்கிறது; 4-உம் 5-உம் எர்த், 16 பேட்டரி. பேச்சு இல்லாதபோது அந்த வயர் 0 வோல்ட்டில் இருக்கும், தகவல் போகும்போது 7 வோல்ட் வரை துடிக்கும். சாவி ஆன் நிலையில் மீட்டரில் எண் நிலையில்லாமல் ஆடினால் பேச்சு நடக்கிறது என்று பொருள். அப்படியே 12-இல் நின்றால் பேட்டரி வயரோடு ஷார்ட். 0-விலேயே நின்றால் எர்த்தோடு ஷார்ட், அல்லது யாருமே பேசவில்லை. எல்லா மாட்யூலும் ஒன்றுசேரும் இணைப்புப் பொதியில் சீப்பு போல ஒரு துண்டு இருக்கும். அதை உருவினால் மாட்யூல்கள் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது நெட்வொர்க்கைக் கீழே இழுக்கிறது என்று பிடிபடும். பல நேரம் அது ரேடியோவாகவோ வேறு ஏதோ ஒன்றாகவோ இருக்கும். பாடி மாட்யூல் சும்மா பழி சுமந்துகொண்டிருக்கும்.

ஸ்கேன் கருவியில் யு 1064 என்ற குறியீடு வந்தால் பாடி மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். தொடர்பு அறுந்தது என்றுதான் சொல்கிறது, மாட்யூல் செத்தது என்று சொல்லவில்லை. மற்ற எல்லா மாட்யூலும் பதில் சொல்லி, பாடி மாட்யூல் மட்டும் மௌனமாக இருந்து, அதன் கனெக்டரில் மின்சாரமும் எர்த்தும் நெட்வொர்க் வயரும் சரியாக இருந்தால்தான் அது கெட்டது என்று தீர்ப்பெழுதலாம்.

மாட்யூல் பேசுகிறது, ஆனால் வேலையைத் தப்பாகச் செய்கிறது என்றால் சோதனை வேறு. உள்ளே வரும் வயரையும் ஸ்கேன் கருவி காட்டும் தகவலையும் ஒப்பிடுங்கள். கதவு சாத்தியிருக்கிறது, வயரில் வோல்ட்டேஜும் சாத்தியதற்கு உரியதாகவே இருக்கிறது, ஸ்கேனில் மட்டும் 'திறந்திருக்கிறது' என்கிறது. அப்போது மாட்யூல் குற்றவாளி. வயரிலேயே தவறான வோல்ட்டேஜ் வந்தால் கதவுத் தாழ்ப்பாளில் இருக்கும் ஸ்விட்ச்தான் குற்றவாளி. வெளியே போகும் பக்கமும் இப்படியே: ஸ்கேன் கருவியால் உள்விளக்கை எரியச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். கட்டளை போகிறது, மின்சாரமும் எர்த்தும் உண்டு, ஆனால் மாட்யூலின் வெளிவழிப் பின்னில் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே எரிந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் மாட்யூல் மாற்றுவது குருட்டடி.

தேய்ந்த இக்னிஷன் ஸ்விட்சும் இதே மாதிரி ஏமாற்றும். சாவியை ஆன் நிலையில் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். மீட்டர் போர்டு விட்டு விட்டு எரிந்தால் ஸ்விட்சின் மின்சாரப் பகுதியை மாற்றுவதே மருந்து. ரிமோட் ஸ்டார்ட், அலாரம் என்று யாராவது முன்பு ஸ்டீயரிங் அடியில் வயரைக் கீறிச் சேர்த்திருந்தால், அதை முழுவதும் எடுத்துவிட்டு வயரைச் சரியாகச் சால்டர் செய்த பிறகே சோதனையைத் தொடருங்கள்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்து, செக்யூரிட்டி விளக்கு மின்னினால் அது திருட்டுத் தடுப்பு எரிபொருளை நிறுத்துவது. பாஸ்லாக் என்னும் இந்தத் திருட்டுத் தடுப்பு அமைப்பில் சாவிக்குள் சிப் கிடையாது. சாவி நுழையும் பூட்டு உருளையை ஒட்டி ஒரு சென்சார் இருக்கிறது. மாட்யூலைவிட அந்தச் சென்சாரும் அதன் மெல்லிய வயர்களும்தான் அதிகம் கெடும். பாடி வரிசையில் 2960 (B2960) என்ற குறியீடு இருந்தால் சென்சாரிலிருந்து வந்த மதிப்பு நினைவில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று பொருள். அதை விட்டுவிட்டு மாட்யூலை மாற்றினால், புது மாட்யூலும் அதே கெட்ட சென்சாரிடம்தான் பாடம் கேட்கும்.

சரியான மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது

1999–2002 வண்டியின் மாட்யூல் 2003 முதல் வந்த வண்டியில் சேராது. மின்சார அமைப்பையே 2003-இல் மாற்றிவிட்டார்கள். ஒரே ஆண்டுக்குள்ளும் வசதிகளுக்கு ஏற்ப வெவ்வேறு வகை உண்டு. பழைய மாட்யூலின் லேபிளில் இருக்கும் பார்ட் எண்ணையும், குளோவ் பாக்ஸ் கதவின் உட்புற ஸ்டிக்கரில், வண்டியில் என்னென்ன வசதி என்று சொல்லும் மூன்றெழுத்து ஆர்பிஓ குறியீடுகளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏயு3 என்றால் பவர் லாக், ஏயு0 என்றால் ரிமோட் பூட்டு. அடிப்படை வகை மாட்யூலை வசதி அதிகமுள்ள வண்டியில் மாட்டினால், அந்த வசதிகளுக்கான சர்க்யூட்டே உள்ளே இருக்காது. எந்தப் புரோகிராமும் அதை வரவழைக்காது.

பழைய வண்டி உடைக்கும் யார்டில் வாங்குவதும் நல்ல வழிதான், விலை பல மடங்கு குறைவு. ஆனால் அதில் முந்தைய வண்டியின் வின் எண் (வண்டியின் அடையாள எண்) ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றி எழுத உங்கள் கருவியாலோ நீங்கள் போகும் கடையாலோ முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 2003 முதல் வந்த வண்டிகளின் தொழிற்சாலை ரேடியோ நெட்வொர்க்கில் வரும் வின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் பூட்டிக்கொள்ளும். கனெக்டர் பின்களில் பச்சையோ வெள்ளைப் பூப்போ இருக்கும் மாட்யூலை ஓசியில் தந்தாலும் வாங்காதீர்கள். தண்ணீர் குடித்த மாட்யூல் அது.

கிலோமீட்டர் கணக்கு பற்றிப் பயம் வேண்டாம். அது மீட்டர் போர்டில் இருக்கிறது. பாடி மாட்யூலை மாற்றினால் மாறாது.

கழற்றுதல்

பழைய மாட்யூல் இன்னும் பேசுகிறது என்றால், ஸ்கேன் கருவியில் அதன் வின் எண், வசதிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒவ்வொரு திரையாகப் போட்டோ எடுங்கள். பிறகு புதியதில் எழுதும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

சாவியை எடுத்துவிட்டு, கதவு ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். டீசல் வண்டியில் இரண்டு பேட்டரி, இரண்டின் மைனஸும். ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கிய மின்சாரம் வடிய சில நிமிடம் காத்திருங்கள். ஸ்டீயரிங் அடியில் தெரியும் மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் டெஸ்ட் லேம்போ மீட்டரோ வைக்கவே கூடாது.

டிரைவர் முழங்காலுக்கு நேரே இருக்கும் பிளாஸ்டிக் பலகையின் அடிப்பக்கத்தில் 7 மி.மீ. ஸ்குரூக்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி, மேல்பக்கத்தை நேராகத் தன்பக்கம் இழுத்தால் கிளிப்புகள் விடும். குளிரில் இருபது வயது பிளாஸ்டிக் எளிதில் முறியும். கராஜில் வண்டியைச் சூடாக வைத்துச் செய்வது நல்லது. பலகையோடு வரும் வயர், கேபிள்களைப் பார்த்துப் பிரித்துவிட்டு ஓரமாக வையுங்கள்.

மாட்யூல் டாஷ்போர்டின் அடியில், ஸ்டீயரிங் தண்டுக்கு அருகில், ஜங்ஷன் பிளாக்கை ஒட்டி இருக்கிறது. கை வைக்கும் முன் வண்டியின் வெற்று உலோகம் ஒன்றைத் தொடுங்கள், உடம்பின் நிலைமின்சாரம் இறங்கட்டும். கனெக்டர்களுக்கு மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு உண்டு. அதை முதலில் நகர்த்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும், இழுப்பதும் கனெக்டரின் உடலைப் பிடித்துத்தான், வயரைப் பிடித்து அல்ல.

பிரித்த கனெக்டர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னோக்கித் தள்ளப்பட்ட பின், கருகிய நிறம், ஈரம் எது இருந்தாலும் புது மாட்யூலை மாட்டாதீர்கள். ஈரம் இருந்தால் கண்ணாடி ஓரத்து ரப்பரையும், வைப்பருக்குக் கீழே இலை அடைத்துக் கிடக்கும் காவுல் என்ற பள்ளத்தையும் சோதித்து, தண்ணீர் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் இதே வேலை மறுபடியும். எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கிரீஸ் திணிக்கத் தேவையில்லை. இவை கேபினுக்குள் இருக்கும் கனெக்டர்கள், கிரீஸில் தூசிதான் ஒட்டும்.

மாட்டிய பின்: வரிசை முக்கியம்

புது மாட்யூலைப் பொருத்தி, எல்லாக் கனெக்டரும் கிளிக் சத்தம் கேட்கும் வரை அமுக்கி, பூட்டுகளை நகர்த்திவிட்டுப் பேட்டரியை இணையுங்கள். உடனே, பேட்டரியை இறங்காமல் காக்கும் சார்ஜரான பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றைச் சேருங்கள். இனி அரை மணிக்கு மேல் இக்னிஷன் ஆனிலேயே இருக்கப் போகிறது. நடுவில் வோல்ட்டேஜ் இறங்கினால் எழுதும் வேலை பாதியில் நின்றுவிடும்.

முதலில் அமைப்பை எழுதுங்கள். இந்தத் தலைமுறை வண்டிகளுக்கு ஜிஎம் பட்டறைகளின் கருவி டெக் 2. அதில் பாடி மாட்யூலுக்குள் சென்று புது மாட்யூல் அமைக்கும் பகுதியில் வின் எண்ணையும் வசதிகளையும் எழுத வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சில விளக்குகள் எரியாது, பூட்டு வேலை செய்யாது. மாட்யூல் கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டியவர்கள்தான். டெக் 2 இல்லையென்றால் வீட்டுக்கே வந்து புரோகிராம் செய்பவர்கள் பல ஊர்களில் உண்டு.

அமைப்பு எழுதிய பிறகே திருட்டுத் தடுப்பைக் கற்பிக்க வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது மாட்யூலின் கடவுச்சொல் தெரியாது, அதனால் எரிபொருளை விடாது. பவர்டிரெய்ன் வரிசையில் 1631 (P1631) என்ற குறியீடு வருவது இதனால்தான். கருவி இல்லாமலே செய்யலாம்:

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் வரை கொண்டுபோய், செல்ஃப் அடித்ததும் ஆனுக்கே திரும்ப விடுங்கள். எஞ்சின் ஓடாது, அல்லது ஓடி அணையும். சாவியை ஆஃப் செய்யாதீர்கள். செக்யூரிட்டி விளக்கு எரிந்துகொண்டோ மின்னிக்கொண்டோ இருக்கும். ஏறத்தாழ 10 நிமிடத்தில் அணையும். அணைந்ததும் ஆஃப் செய்து 10 நொடி விடுங்கள். இதையே இன்னும் இரண்டு முறை, மொத்தம் மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிந்து ஆஃப் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடி நிற்காமல் இருக்க வேண்டும்.

10 நிமிடம் என்பதைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளக்கு அணைவதுதான் அடையாளம். 9 நிமிடத்தில் பொறுமை இழந்து சாவியைத் திருப்பினால் அந்தச் சுற்று வீண். கதவைத் திறந்து மூடுவது, ரேடியோ, ஹெட்லைட் எல்லாவற்றையும் இந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். கால் மணி கடந்தும் விளக்கு மாறவே இல்லை என்றால், சென்சாரிலிருந்து மாட்யூலுக்கு வரும் வயர் அறுந்திருக்கிறது அல்லது சென்சார் செத்திருக்கிறது. எத்தனை முறை முயன்றாலும் பலிக்காது. வயரைச் சோதிக்கப் போங்கள்.

எஞ்சின் ஓடிய பிறகு ரிமோட்டுகளைக் கற்பியுங்கள். உங்கள் ஆண்டு வண்டியின் கையேட்டில் உள்ள முறைப்படி, எல்லா ரிமோட்டையும் ஒரே தடவையில். பிறகு எல்லா மாட்யூலிலும் உள்ள குறியீடுகளை அழியுங்கள். பேட்டரி கழற்றியதால் பல மாட்யூல்களில் தொடர்பு அறுந்த குறியீடு பதிந்திருக்கும், அவற்றைக் கண்டு பதற வேண்டாம். அழித்த பின் திரும்பி வருவது மட்டுமே கணக்கு.

அடுத்து ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் திறந்து உள்விளக்கைப் பாருங்கள். நான்கு பூட்டு, பகல்நேர விளக்கு, ஹெட்லைட் தானாக எரிவது, சாவியை எடுத்த பின் ரேடியோ ஓடி, கதவைத் திறந்ததும் நிற்பது, பின்தொட்டி விளக்கு எல்லாவற்றையும் சோதியுங்கள். முழங்கால் பலகையைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

பேட்டரி இறங்குவதுதான் உங்கள் முதல் புகார் என்றால் வேலை இன்னும் முடியவில்லை. கதவுத் தாழ்ப்பாளை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, குளோவ் பாக்ஸை மூடி, சாவியை எடுத்து அரை மணி நேரம் வண்டியைத் தொடாமல் விடுங்கள். மைனஸ் வயரோடு தொடராகச் சேர்த்த அம்மீட்டர் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டரைச் சேர்க்கும்போது இணைப்பை ஒரு கணம்கூட விடாதீர்கள். விட்டால் மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும், அரை மணி மறுபடி எண்ண வேண்டும். 200, 300 என்று நின்றால், பியூஸ் ஒவ்வொன்றின் இரு புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் பாருங்கள். வோல்ட்டேஜ் தெரியும் பியூஸ் வழியாகத்தான் மின்சாரம் ஒழுகுகிறது. பியூஸைப் பிடுங்கித் தேடினால் மாட்யூல் மறுபடி விழித்து, கோளாறு தானாக மறைந்துவிடக்கூடும்.

பழைய மாட்யூலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வரும் என்றாலும், கடை தரும் கெடுவின் கடைசி நாள் வரை அதைக் கையில் வைத்திருங்கள். அதன் மேலே வின் எண்ணும் மாற்றிய தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். முன்பே கொடுத்துவிட்டால், இடையில் கோளாறு திரும்பும்போது பழையதை மாட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அதோடு போய்விடும். மாட்டும் ஒவ்வொரு முறையும் திருட்டுத் தடுப்பின் மூன்று சுற்றும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.